பெருக்க எண்ணைக் கணக்கிடுவது எப்படி? கொள்ளைநோய், சூழலியல் மாதிரிகள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனா காலத்தில் நாளிதழ்களில் "ஆர் நாட்" என்றும் "அடிப்படை இனப்பெருக்க எண்" என்றும் வந்த எண்ணை இந்தப் பக்கத்தில் சுருக்கமாகப் "பெருக்க எண்" என்று குறிப்பிடுகிறோம். 2×2 அணியையும் இருபடிச் சமன்பாட்டையும் கையாளத் தெரிந்தவர்கள் இங்குள்ள கணக்குகளைத் தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். நோயின் பெயர் குறிப்பிடாத எடுத்துக்காட்டுகளில் வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக நாமே அமைத்துக்கொண்டவை.

பெருக்க எண் எதை எண்ணுகிறது?

ஒரு நோய் அறவே இல்லாத, எல்லோருக்கும் அது தொற்றக்கூடிய நிலையிலுள்ள மக்கள் தொகுதிக்குள் ஒரே ஒரு தொற்றாளர் நுழைகிறார் என்று கொள்வோம். அவர் தம் தொற்றுக்காலம் முழுவதிலும் சராசரியாக எத்தனை பேருக்கு நேரடியாக நோயைக் கொடுப்பாரோ அந்த எண்ணிக்கையே பெருக்க எண். சூழலியலில் இதே எண், ஒரு பெண் உயிரி தன் வாழ்நாளில் ஈனும் பெண் குட்டிகளின் சராசரி எண்ணிக்கையாக வருகிறது. தொற்றையும் ஓர் உயிரியாக எண்ணிப் பார்த்தால், ஒவ்வொரு புதிய தொற்றும் ஒரு பிறப்பு, ஒவ்வொரு குணமும் ஒரு சாவு. ஆகவே கணக்கில் இறங்குவதற்கு முன் எதைப் பிறப்பாகக் கொள்வது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும். இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை, அந்த முடிவைச் செய்யாமலே சூத்திரத்தைத் தேடியவர்களிடமிருந்து வருபவை.

இது ஒரு தலைமுறைக்கான எண். நாளுக்கோ வாரத்துக்கோ உரியது அன்று. பெருக்க எண் 3 என்றால் நோய் வேகமாகப் பரவுகிறது என்று பொருளாகாது. அந்த மூவரும் 5 நாளில் நோயுறலாம், 5 ஆண்டுகளிலும் நோயுறலாம். மேலும், இது கிருமிக்கு மட்டும் உரிய குணமும் அன்று. கிருமி, அது வாழும் உடல், அந்த உடல்கள் ஒன்றையொன்று சந்திக்கும் ஊர் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.

மிக எளிய மாதிரியில் இதை எப்படிக் கணக்கிடுவது?

தொற்றக்கூடியவர், தொற்றாளர், குணமானவர் என்று மூன்று பெட்டிகள் கொண்ட மாதிரியில் இரண்டே அளவுகள் போதும். ஒரு தொற்றாளர் ஒரு நாளில் தொற்றவைக்கும் சராசரி எண்ணிக்கையைப் பீட்டா என்றும், நாளொன்றுக்குக் குணமாகும் வீதத்தைக் காமா என்றும் வைத்துக்கொண்டால், தொற்றுக்காலத்தின் சராசரி 1 ÷ காமா. பெருக்க எண் பீட்டா ÷ காமா. பீட்டா 0.5 ஆகவும் தொற்றுக்காலம் 6 நாளாகவும் இருந்தால் விடை 3.

மக்களில் எத்தனை பங்கினருக்குத் தடுப்பாற்றல் இருந்தால் நோய் பரவாது என்பதும் இதிலிருந்தே கிடைக்கிறது. அந்தப் பங்கு, 1-இலிருந்து பெருக்க எண்ணின் தலைகீழியைக் கழித்தால் வருவது. தட்டம்மைக்கு 12 முதல் 18 வரை என்று வழக்கமாகச் சொல்லப்படும் எண்களை இதில் இட்டால் 92 முதல் 94 விழுக்காடு வரை வரும். தட்டம்மைத் தடுப்பூசிக்கு இலக்கு 95 விழுக்காடு என்று வைப்பதன் பின்னணி இந்தக் கணக்குதான்.

இந்த எண் எங்கிருந்து வந்தது?

மக்கள்தொகைக் கணக்கிலிருந்து வந்தது. 1880களில் பெர்லின் நகரப் புள்ளியியல் அலுவலகத்தில் இருந்த ரிச்சர்ட் போக், ஒரு பெண்ணுக்குப் பிறந்து பிழைக்கும் மகள்களின் சராசரியைக் கணக்கிட்டார். 1925-இல் டப்ளினும் லோட்காவும் அதற்கு ஆர் நாட் என்ற குறியீட்டை இட்டார்கள்.

நோய்ப் பரவலுக்குள் இந்தச் சிந்தனை வந்த வழி நம் நாட்டின் ஊடாகச் செல்கிறது. அல்மோராவில் பிறந்த ரொனால்டு ராஸ், 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். கொசுக்களை அடியோடு ஒழிக்காமல் மலேரியாவை ஒழிக்க முடியாது என்று பலர் வாதிட்டபோது, கொசுக்களின் எண்ணிக்கை ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினாலே நோய் தானாக மறையும் என்று அவர் கணிதத்தால் காட்டினார். இந்திய மருத்துவப் பணியில் இருந்தவரும் கசௌலியில் பணியாற்றியவருமான மெக்கென்ட்ரிக், கெர்மாக் என்பவருடன் சேர்ந்து 1927-இல் அந்த வரம்பைப் பொதுவான தேற்றமாக்கினார். 1952-இல் ஜார்ஜ் மெக்டொனால்டு மலேரியாவுக்கு அதை ஒரு சூத்திரமாகத் தந்தார். பல வகை மக்கள் கலந்த தொகுதிக்குப் பொருந்தும் துல்லியமான வரையறையை 1990-இல் டீக்மன், ஹீஸ்டர்பீக், மெட்ஸ் ஆகிய மூவர் கொடுத்தனர். அதைக் கையால் கணக்கிடத்தக்க செய்முறையாக 2002-இல் வான் டென் டிரீஷும் வாட்மாவும் எழுதிவைத்தனர். இன்று மாணவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் அந்த 2002-ஆம் ஆண்டுச் செய்முறைதான்.

அடுத்த தலைமுறை அணி என்றால் என்ன? ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்ல முடியுமா?

தொற்றியும் இன்னும் பரப்பத் தொடங்காத "அடைகாப்பு" நிலை ஒன்று உள்ள நோயை எடுத்துக்கொள்வோம். தொற்றுள்ள பெட்டிகள் இரண்டு: அடைகாப்பவர், பரப்புபவர். அடைகாப்பவர் சிக்மா என்ற வீதத்தில் பரப்புபவர் ஆகிறார். பரப்புபவர் காமா என்ற வீதத்தில் குணமாகிறார். இயற்கைச் சாவு வீதம் மியூ.

முதலில் பிறப்புகளை ஓர் அணியில் எழுத வேண்டும். புதிய தொற்று அடைகாப்பவர் பெட்டியில்தான் தோன்றுகிறது, அதை உண்டாக்குபவர் பரப்புபவர். எனவே முதல் நிரையின் இரண்டாம் இடத்தில் பீட்டா, மற்ற மூன்று இடங்களிலும் 0. அடுத்து, பெட்டிகளுக்கிடையிலான நகர்வுகளையும் வெளியேற்றங்களையும் இன்னோர் அணியில் எழுத வேண்டும்: முதல் நிரை சிக்மா + மியூ, 0, இரண்டாம் நிரை −சிக்மா, காமா + மியூ. இந்த இரண்டாம் அணியின் நேர்மாறு, ஒருவர் ஒவ்வொரு பெட்டியிலும் சராசரியாக எத்தனை நாள் கழிப்பார் என்பதைச் சொல்லும். பிறப்பு அணியை அந்த நேர்மாறால் பெருக்கினால் கிடைப்பதே அடுத்த தலைமுறை அணி. அதன் ஐகன் மதிப்புகளுள் (2×2 அணியின் மூலைவிட்டக் கூடுதலையும் அணிக்கோவையையும் கொண்டு எழுதும் இருபடிச் சமன்பாட்டின் தீர்வுகளுள்) ஆகப் பெரியதே பெருக்க எண்.

இங்கே விடை, சிக்மா ÷ (சிக்மா + மியூ) என்பதையும் பீட்டா ÷ (காமா + மியூ) என்பதையும் பெருக்கினால் வருவது. முதல் காரணி, அடைகாக்கும் காலத்தில் சாகாமல் பரப்பும் நிலையை எட்டுவதற்கான நிகழ்தகவு. இரண்டாவது, எட்டிய பின் தொற்றவைக்கும் எண்ணிக்கை. வந்த விடையை இப்படிச் சொல்லால் படித்துப் பார்க்க முடியாவிட்டால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது என்பது எங்கள் அனுபவம்.

அடைகாப்பவர் பரப்புபவராக மாறுவதையும் புதிய வருகையாக எழுதினால் என்ன தவறு?

இதை எழுதுபவரும் மாணவப் பருவத்தில் இந்தப் பிழையைச் செய்து ஒரு வாரம் தேடியிருக்கிறார். சிக்மாவைப் பிறப்பு அணிக்குள் வைத்துவிட்டால், ஒரு தொற்று "அடுத்த தொற்றாக" மாற இரண்டு படிகள் ஆகின்றன; விடை முன்பு வந்ததன் வர்க்கமூலமாகக் குறைந்துவிடுகிறது. பீட்டா 0.5, தொற்றுக்காலம் 6 நாள், மியூ புறக்கணிக்கத்தக்க அளவு சிறியது என்று கொண்டால், 3 வர வேண்டிய இடத்தில் 1.73 வரும்.

இந்தப் பிழை கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் உண்டு. 1-ஐ வர்க்கமூலம் எடுத்தாலும் 1 தான். எனவே நோய் பரவுமா, அடங்குமா என்ற கேள்விக்கு இரண்டு கணக்கும் ஒரே விடையைத் தருகின்றன. தடுப்பூசி எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேட்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும்: 3 என்றால் 67 விழுக்காடு, 1.73 என்றால் 42 விழுக்காடு. நோயற்ற நிலையிலிருந்து சிறிது விலகினால் தொற்று வளருமா என்று காட்டும் ஜாக்கோபியன் அணியின் சிறப்புச் சமன்பாட்டில் (ஐகன் மதிப்புகளைத் தரும் சமன்பாட்டில்) மாறிலி உறுப்பைப் பார்த்து நிபந்தனை எழுதி, அதையே பெருக்க எண் என்று பெயரிடும் கட்டுரைகளிலும் இதே சிக்கல் உண்டு. 1-ஐக் கடப்பதில் ஒத்துப்போகும் எண்கள் எண்ணற்றவை. அவற்றுள் ஒன்றுதான் பெருக்க எண்.

குழந்தைகள், பெரியவர்கள் என்று இரு பிரிவு இருந்தால் சராசரி எடுத்தால் போதாதா?

போதாது. ஒரு தொற்றுள்ள குழந்தை 2 குழந்தைகளுக்கும் 0.5 பெரியவருக்கும் நோயைக் கொடுக்கிறது. ஒரு பெரியவர் 0.4 குழந்தைக்கும் 0.8 பெரியவருக்கும் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கொடுப்பவரை நிரலிலும் பெறுபவரை நிரையிலும் எழுதினால், அணியின் முதல் நிரை 2, 0.4, இரண்டாம் நிரை 0.5, 0.8. மூலைவிட்டக் கூடுதல் 2.8, அணிக்கோவை 1.4. எனவே இருபடிச் சமன்பாட்டின் பெரிய தீர்வு ஏறத்தாழ 2.15.

இப்போது பள்ளிகளை மூடியதால் குழந்தையிலிருந்து குழந்தைக்குச் செல்வது 2-இலிருந்து 0.6 ஆகக் குறைந்தது என்போம். அணியில் உள்ள நான்கு எண்களும் இப்போது 1-க்குக் கீழே. ஆயினும் பெருக்க எண் 1.16, நோய் பரவிக்கொண்டுதான் இருக்கும். ஒரு குழந்தை மொத்தத்தில் 1.1 பேருக்கும் ஒரு பெரியவர் 1.2 பேருக்கும் கொடுக்கிறார்கள் என்பதைக் கூட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும். இரு பிரிவுகளையும் தனித்தனியே பார்த்து இரண்டிலும் 1-க்குக் கீழே வந்துவிட்டது என்று நிம்மதி அடைவது இந்த இடத்தில் ஏமாற்றிவிடும்.

தடுப்பூசியைக் குழந்தைகளுக்கு மட்டும் போட முடியும் என்றால் 2.15 என்ற எண் உதவாது. ஒரு குழந்தையிலிருந்து தொடங்கி, இடையில் பெரியவர்களின் வழியாகச் சுற்றி வந்தாலும், மீண்டும் குழந்தைகளிடம் வந்து சேரும் தொற்றுகளை மட்டும் எண்ண வேண்டும். ராபர்ட்ஸும் ஹீஸ்டர்பீக்கும் 2003-இல் முன்வைத்த இதனை வகைசார் பெருக்க எண் எனலாம். மூடுவதற்கு முந்தைய அணியில் அது 2 + (0.4 × 0.5) ÷ (1 − 0.8), அதாவது 3. ஆகவே குழந்தைகளில் மூன்றில் இரு பங்கினருக்குத் தடுப்பாற்றல் வேண்டும். எல்லா வயதினருக்கும் சமமாகப் போட்டால் 53 விழுக்காடு போதும்.

மலேரியா, டெங்கு போன்றவற்றில் ஒரு கட்டுரை 4 என்கிறது, இன்னொன்று 2 என்கிறது. எது சரி?

பெரும்பாலும் இரண்டும் ஒன்றே. ஒரு நோயாளி 8 கொசுக்களுக்குத் தொற்றைக் கொடுக்கிறார், ஒரு கொசு சராசரியாக 0.5 மனிதருக்குக் கொடுக்கிறது என்றால், மனிதரிலிருந்து மனிதருக்கு என்று எண்ணினால் 4. மனிதரிலிருந்து கொசு ஒரு தலைமுறை, கொசுவிலிருந்து மனிதர் இன்னொரு தலைமுறை என்று எண்ணினால் 4-இன் வர்க்கமூலமான 2. மெக்டொனால்டு எண்ணியது முதல் வகை. அடுத்த தலைமுறை அணி தருவது இரண்டாம் வகை. மனிதருக்கான தடுப்பூசிக் கணக்குக்கு 4-ஐத்தான் எடுக்க வேண்டும். ஒரு கட்டுரையின் எண்ணை இன்னொன்றுடன் ஒப்பிடுவதற்கு முன் எந்த வகை என்று பார்க்காமல் அட்டவணை போடுவது பரவலான வழக்கமாகிவிட்டது வருந்தத்தக்கது.

மெக்டொனால்டின் சூத்திரம் சொல்லும் வேறொரு செய்தியும் உண்டு. கொசு ஒரு நாள் உயிர்தரிக்கும் நிகழ்தகவு 0.9 என்றும், கிருமி அதன் உடலில் முதிர 10 நாள் ஆகும் என்றும் கொள்வோம். சூத்திரத்தில் வருவது 0.9-இன் 10-ஆம் அடுக்கை, 0.9-இன் இயல் மடக்கையின் எதிர்மதிப்பால் வகுத்தது: 0.349 ÷ 0.105, ஏறத்தாழ 3.3. அந்த நிகழ்தகவு 0.8 ஆகக் குறைந்தால் அதே கணக்கு 0.48 தரும், பெருக்க எண் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகச் சரிகிறது. கொசுக்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கினாலோ பெருக்க எண் பாதியாக மட்டுமே குறையும். புழுக்களை அழிப்பதைவிட வீட்டுச் சுவரில் மருந்து தெளித்து முதிர்ந்த கொசுவின் ஆயுளைக் குறைப்பது வலிமையான வழி என்ற வாதம் இங்கிருந்து எழுந்ததுதான்.

மாதிரியே இல்லாமல் நாள்தோறும் வரும் நோயாளர் எண்ணிக்கையிலிருந்து கணக்கிட முடியுமா?

முடியும், ஆனால் ஒரு மறைவான அனுமானத்துடன். எண்ணிக்கை 3 நாளில் இரட்டிக்கிறது, ஒரு தொற்றுக்கும் அது உண்டாக்கும் அடுத்த தொற்றுக்கும் இடையே சராசரி 5 நாள் என்று வைப்போம். வளர்ச்சி வீதம் நாளுக்கு 0.231. எல்லோருக்கும் அந்த இடைவெளி மிகச் சரியாக 5 நாள் என்றால் பெருக்க எண் 3.2. இடைவெளி 2.5 நாள் அடைகாப்பு, 2.5 நாள் பரப்பு என இரண்டு படிகளாகப் பிரிந்து ஒவ்வொன்றும் அடுக்குக்குறிப் பரவலைப் (எவ்வளவு காலம் கழிந்திருந்தாலும் அடுத்த நாளில் முடிவதற்கான நிகழ்தகவு மாறாத புள்ளியியல் பரவலைப்) பின்பற்றினால் 2.5. அடைகாப்பே இல்லாமல் ஒரே அடுக்குக்குறிப் பரவல் என்றால் 2.2. ஒரே தரவு, ஒரே சராசரி, மூன்று விடைகள். வாலிங்காவும் லிப்சிட்ச்சும் 2007-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள்.

கொரோனா காலத்தில் வாராவாரம் மாறிய எண் இதற்கு உறவுடையது. மக்களில் ஒரு பகுதியினர் தடுப்பாற்றல் பெற்று, முகக்கவசமும் ஊரடங்கும் வந்த பிறகு அந்த நேரத்தில் நிலவும் பெருக்க எண் அது. அதை அடிப்படைப் பெருக்க எண் என்று தலைப்பிட்டது செய்தியின் பிழை.

ஒரே பரவலுக்கு இரண்டு வழிகளில் கணக்கிட்டால் விடை ஒத்துவருமா?

1978-இல் இங்கிலாந்தின் ஓர் உறைவிடப் பள்ளியில் பரவிய இன்ஃபுளுவென்சா ஒரு நல்ல சான்று. 763 மாணவர்களில் 512 பேர் நோயுற்றார்கள். பாடப்புத்தகங்கள் விரும்பி எடுத்தாளும் தரவு இது. படுக்கையில் இருந்தோரின் அன்றாட எண்ணிக்கைக்கு மூன்று பெட்டி மாதிரியைப் பொருத்தினால் பெருக்க எண் 4-ஐ ஒட்டி வருகிறது. ஆனால் முடிவில் எத்தனை பங்கினர் நோயுற்றார்கள் என்பதிலிருந்தும் கணக்கிடலாம்: நோயுறாத பங்கின் இயல் மடக்கையின் எதிர்மதிப்பை, நோயுற்ற பங்கால் வகுக்க வேண்டும். நோயுற்ற பங்கு 0.671, நோயுறாதது 0.329, விடை 1.66. பெருக்க எண் உண்மையில் 4 என்றால் 98 விழுக்காட்டினர் நோயுற்றிருக்க வேண்டும்.

படுக்கையில் இருப்பவர் தனிமைப்படுத்தப்பட்டவர், பரப்புபவர் அல்லர் என்பதையும், சிலருக்குத் தொற்று இருந்தும் அறிகுறி இல்லாமல் போயிருக்கலாம் என்பதையும் மாதிரி கணக்கில் எடுக்கவில்லை. எந்தப் பெட்டியை எண்ணுகிறோம் என்ற பழைய கேள்வியே இங்கும் வந்து நிற்கிறது.

சூழலியலில் பெருக்க எண்ணும் ஆண்டு வளர்ச்சி வீதமும் ஒன்றா?

ஒன்றல்ல. மூன்று வயதுப் பிரிவுகள் கொண்ட ஒரு விலங்கை எடுத்துக்கொள்வோம். முதல் வயதில் ஈனாது. இரண்டாம் வயதில் 1.5 பெண் குட்டிகள், மூன்றாம் வயதில் 2. முதலாண்டில் பாதி பிழைக்கும், இரண்டாம் ஆண்டில் 40 விழுக்காடு பிழைக்கும். பெருக்க எண் 0.5 × 1.5 + 0.5 × 0.4 × 2 = 1.15. வயதுவாரியாக ஈனும் எண்ணிக்கைகளையும் பிழைக்கும் பங்குகளையும் அடுக்கிய லெஸ்லி அணியின் பெரிய ஐகன் மதிப்போ 1.06, அதாவது ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்ச்சி. 15 விழுக்காட்டுப் பெருக்கம் ஏறத்தாழ 2.3 ஆண்டுகள் நீளும் ஒரு தலைமுறையில் நிகழ்கிறது. இரண்டும் 1-இன் ஒரே பக்கத்தில்தான் இருக்கும், ஆனால் அளவில் வேறுபடும்.

மனிதருக்கும் இதே கணக்குதான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மொத்தக் கருவள வீதம், அதாவது ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி, 1.8. அதில் பெண் குழந்தைகள் பாதிக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் தாயாகும் வயதை எட்டாதோர் சிலர். எனவே நிகரப் பெருக்க எண் 0.85-ஐ ஒட்டியே இருக்கும்.

வெறிநாய்க்கடி நோயின் பெருக்க எண் 2-க்கும் குறைவு என்கிறார்கள். பிறகு ஏன் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி?

1.5 என்று எடுத்தால் 33 விழுக்காடே போதும் என்றுதான் சூத்திரம் சொல்கிறது. ஆனால் தெருநாய்க் கூட்டம் வேகமாக மாறுவது; ஊசி போட்ட நாய்கள் சாகும், ஊசி போடாத குட்டிகள் பிறக்கும். ஓராண்டில் 40 விழுக்காடு நாய்கள் மாறிவிட்டால், 70 விழுக்காடாகத் தொடங்கிய பாதுகாப்பு அடுத்த முகாம் நடக்கும்போது 42 ஆகியிருக்கும். 50-இல் தொடங்கியிருந்தால் 30 ஆகி வரம்புக்குக் கீழே போயிருக்கும். நாய்களைக் கொன்று குவிப்பதில் பயனில்லை என்பதற்கும் இதில் பாதி விடை இருக்கிறது: கொல்லப்பட்டவற்றுள் ஊசி போட்டவையும் அடங்கும், காலியான இடத்தை நிரப்புபவை ஊசி போடாதவை.

1-க்கு மேல் இருந்தால் கட்டாயம் பரவுமா? கீழே இருந்தால் கட்டாயம் அடங்குமா?

இரண்டுக்கும் இல்லை என்பதே விடை. பெருக்க எண் 2 ஆக இருந்தாலும், தொற்றுக்காலம் அடுக்குக்குறிப் பரவலுடையது என்றால், ஒற்றைத் தொற்றாளரிலிருந்து தொடங்கிய சங்கிலி தானாக அறுந்துபோவதற்கு நிகழ்தகவு பாதி. 2003-இன் சார்ஸ் போல, சிலர் மிகப் பலருக்கும் பெரும்பாலோர் எவருக்குமே கொடுக்காமலும் இருக்கும் நோயில் அது இன்னும் அதிகம். மறுபுறம், மறுதொற்று எளிதாக நிகழும் சில மாதிரிகளில் நோய் ஏற்கெனவே ஊன்றிவிட்டால், எண்ணை 1-க்குச் சற்றுக் கீழே இறக்குவது மட்டும் போதாது. நோய் நிலைத்து நிற்கும் இன்னொரு சமநிலை அங்கே இருக்கும்.

மாதிரி தரவுக்கு அழகாகப் பொருந்தினால் எண் சரி என்று கொள்ளலாமா?

கெர்மாக், மெக்கென்ட்ரிக் இருவரும் 1927-ஆம் ஆண்டுக் கட்டுரையில் தம் மாதிரியை 1905 டிசம்பர் 17 முதல் 1906 ஜூலை 21 வரையிலான பம்பாய்ப் பிளேக் சாவுகளுடன் ஒப்பிட்டார்கள். வாரத்துக்கு 890 என்ற உச்சத்தைத் தொட்டு இருபுறமும் சரியும் மணி வடிவ வளைகோடு புள்ளிகளின் மேல் அருமையாகப் பொருந்தியது. அந்த வளைகோட்டின் கீழ் வரும் மொத்தச் சாவு ஏறத்தாழ 8,900; நகரிலோ 1901 கணக்கெடுப்பின்படியே 7.76 லட்சம் பேர். தொற்றக்கூடியவர் தீர்ந்துபோனதால் பிளேக் அடங்கியது என்று மாதிரி சொல்வதை இந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஏற்கவிடுவதில்லை. பிளேக் அந்த நகரில் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் எழுந்து ஒரே பருவத்தில் அடங்கியது. நோய் பரவியது எலிகளிடையே, தெள்ளுப்பூச்சிகளின் வழியாக, வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப. நிக்கோலா பக்காயேர் 2012-இல் எலி, தெள்ளு, மனிதர், பருவம் ஆகியவற்றைச் சேர்த்து அதே தரவை மீண்டும் ஆராய்ந்தபோது, பருவத்துடன் மாறும் வகைசார் பெருக்க எண்ணைத்தான் கணக்கிட வேண்டியிருந்தது. அதில் பிறப்பு நிகழும் இடம் எலி. மனிதரின் சாவு அந்தச் சங்கிலியில் ஒரு பக்கக் கிளை.